லிஸ்பனில் சின்ன ஹோட்டல்: அம்மாவோடு ஐந்து இரவு, எந்தப் பகுதியில் தங்கலாம்?

கோவைப்பயணி

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் நடுவில் லிஸ்பன் போகிறோம். நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு. சமதரையில் நன்றாக நடப்பார். படி என்றால் நின்று நின்றுதான் ஏறுவார். சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார்.

பெரிய செயின் ஹோட்டல் வேண்டாம் என்று நினைக்கிறோம். எந்த ஊரில் கண் விழித்தாலும் ஒரே திரைச்சீலை, ஒரே கம்பளம். இருபது முப்பது அறைக்கு மேல் போகாத, பழைய வீட்டைப் புதுப்பித்து நடத்தும் பூட்டிக் ஹோட்டல்தான் ஆசை. அல்ஃபாமாவில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மொட்டைமாடியில் நின்றால் தேஜோ நதி தெரிகிறது, வரவேற்பறைச் சுவர் முழுக்க நீல ஓவிய ஓடுகள். அறைக்கு ஓர் இரவு 190 யூரோ, இரண்டு அறை எடுக்க வேண்டும். இப்போதே பணம் கட்டினால் 15% தள்ளுபடி, ஆனால் ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காது. கட்டிவிடலாமா?

தேஜோக்கரை

பொறுங்கள், கட்டாதீர்கள். நான் லிஸ்பனில்தான் வேலை பார்க்கிறேன், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அறை பார்த்துக் கொடுத்துப் பழக்கம்.

இந்த ஊரில் முதலில் மேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அப்புறம்தான் ஹோட்டலை. வரைபடத்தில் 300 மீட்டர் என்று காட்டும். அந்த 300 மீட்டரில் பாதி படிக்கட்டாக இருக்கும். அல்ஃபாமா என்பது கோட்டை மேட்டின் சரிவு. பல சந்துகளில் காரே நுழையாது. நுழையக்கூடிய தெருக்களிலும் தரையிலிருந்து எழும் இரும்புத் தூண்களை வைத்து, அனுமதி பெற்ற வண்டிகளை மட்டும் விடுகிறார்கள். டாக்ஸிக்காரர் உங்களை ஒரு முனையில் இறக்கிவிட்டு, "இதோ மேலே" என்று கை காட்டுவார். பெட்டியை உருட்டவும் வராது, தரை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல் பதித்த நடைபாதை. காலங்காலமாக மக்கள் நடந்து நடந்து பளிங்கு மாதிரி வழவழப்பாகிவிட்ட கல். அக்டோபர் கடைசியில் மழை பிடித்துவிட்டால் உள்ளூர் ஆட்களே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இந்த இறக்கம்தான் ஆபத்து.

லாசப்பல்தமிழ்

தம்பி, நான் பாரிஸில் இருந்து எழுதுகிறன். அல்ஃபாமாவை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதேங்கோ. லிஸ்பனுக்குப் போய் அல்ஃபாமாவில் விடியாவிட்டால் பிறகு என்னத்துக்குப் போறது? 1755 நவம்பர் 1ஆம் தேதி வந்த நிலநடுக்கத்தில் கீழ் நகரம் முழுக்க விழுந்து, எரிந்து, கடல் ஏறி அழிஞ்சது. அல்ஃபாமாவின் பெரும் பகுதி நிண்டது. அதனால்தான் அந்தச் சந்துகள் இன்னும் அரபுக்காலத்து வளைவோடு இருக்கு. காலமை ஏழு மணிக்கு, சுற்றுலாக் கூட்டம் ஏறி வர முதல், ஜன்னலில் உடுப்புக் காயப்போடுற கிழவியள், பாண் வாங்கிக்கொண்டு போற ஆக்கள், தூரத்தில் ஆறு. பகலில் வந்துபோற ஆளுக்கு அது கிடைக்காது. அங்கே இரவு தங்கினவைக்குத்தான் கிடைக்கும்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கோ: தமிழ் முதன்முதல் அச்சேறின ஊர் லிஸ்பன். 1554இல், ரோமன் எழுத்தில். அதுக்குப் பிறகுதான் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சடிச்சவை.

தேஜோக்கரை

அண்ணா, அச்சு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது, நன்றி. விடியற்காலை அல்ஃபாமா பற்றிச் சொன்னதும் உண்மைதான். ஆனால் அதைப் பார்க்க அங்கே தூங்க வேண்டியதில்லை. கீழே பைஷாவில், அதாவது அண்ணா சொன்ன கீழ் நகரத்தில், தங்கிக்கொண்டு காலை ஏழரைக்கு 28ஆம் எண் டிராமில் ஏறினால் போர்ட்டாஸ் டோ சோல் முனையில் இறங்கலாம். அந்த நேரத்தில் உட்கார இடமும் கிடைக்கும். பத்து மணிக்கு மேல் அதே டிராமில் ஜேப்படிக்காரர்களும் சேர்ந்து ஏறுவார்கள்.

கோட்டைக்குப் போக இலவச லிஃப்ட்டே இருக்கிறது. ருவா டோஸ் ஃபாங்கெய்ரோஸ் தெருவில் ஒரு சாதாரணக் கட்டடத்துக்குள் முதல் லிஃப்ட். அது மடலெனா தெருவில் விடும். குறுக்கே கொஞ்சம் நடந்தால் ஒரு சூப்பர் மார்க்கெட் கட்டடத்தில் இரண்டாவது லிஃப்ட். அதில் ஏறினால் கோட்டை மேட்டில் முக்கால்வாசி முடிந்துவிடும். மிச்சத் தூரமும் வேண்டாம் என்றால் ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737ஆம் எண் சிறு பஸ் கோட்டை வாசல்வரை போகிறது. அம்மாவுக்கு அந்த பஸ்தான் நல்லது.

செங்கல்சுண்ணாம்பு

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில், அதனால் கட்டடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பைஷா சமதரை, அங்கேயே தங்கலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். தெரு சமம்தான், கட்டடம் சமமில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரைத் திரும்ப எழுப்பிய அமைச்சர் மார்க்கெஸ் டெ பொம்பால் காலத்தில் கட்டிய வரிசை வீடுகள் அவை. சுவருக்குள் கூண்டு மாதிரி மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, இடைவெளியில் கல்லும் சுண்ணாம்பும் நிரப்பினார்கள். அடுத்த நிலநடுக்கத்தில் சுவர் உதிர்ந்தாலும் கூண்டு நிற்க வேண்டும் என்பது திட்டம். மாதிரி ஒன்றைச் செய்து, சுற்றிலும் படைவீரர்களை அணிவகுத்து நடக்கவிட்டு அதிர்வைச் சோதித்ததாகச் சொல்வார்கள். நான் தலைவணங்கும் வேலை அது.

இன்று அந்தக் கட்டடத்தை ஹோட்டலாக்கும்போது அந்தக் கூண்டை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, வெட்டினால் தாங்குதிறன் போய்விடும். எனவே லிஃப்ட்டைப் படிக்கட்டுக்கு நடுவில் கிடைக்கிற இடுக்கில் சொருகுவார்கள். இரண்டு பேர், ஒரு பெட்டி, அவ்வளவுதான் கொள்ளும். சில கட்டடங்களில் அது கடைசி மாடிவரை போகாது. ஓட்டுக்கூரைக்கு அடியில் சாய்ந்த விதானத்தோடு, படத்தில் மிக அழகாகத் தெரியும் அறை இருக்குமே, அதற்குக் கடைசி ஒரு மாடி படியேறித்தான் போக வேண்டும். அறைகளுக்கு இடையிலுள்ள சுவரும் மெல்லிய மரப்பலகைச் சுவர்தான். பக்கத்து அறை இருமல் கேட்கும். நல்ல ஹோட்டல்காரர்கள் உள்ளே ஒலித்தடுப்பு வைத்திருப்பார்கள், எல்லாரும் வைப்பதில்லை.

"உள்பக்கம் பார்த்த அறை" என்று குறைந்த விலையில் ஒன்று இருக்கும். அது கட்டடத்தின் நடுவிலுள்ள வெளிச்சக் குழியைப் பார்த்த ஜன்னல். ஆறு ஏழு அடி தள்ளி எதிர்ச்சுவர், அதில் நாலு குழாய். அமைதியாக இருக்கும், ஆனால் வெயில் வராது. தூங்க மட்டும் என்றால் சரி. அம்மா பகலில் அறையில் ஓய்வெடுப்பார் என்றால் அதை எடுக்காதீர்கள்.

கோவைப்பயணி

இவ்வளவு விஷயம் இருக்கிறதா! பணம் கட்டவில்லை, நிறுத்தி வைத்துவிட்டேன். மனைவிக்குத்தான் அந்த மொட்டைமாடியை விட மனமில்லை. ஷியாடோ பகுதி எப்படி? அங்கேயும் நாலைந்து சின்ன ஹோட்டல்கள் வருகின்றன.

மலைக்கோட்டை

ஷியாடோவுக்கு என் ஓட்டு. நானும் என் மாமியாரும் தங்கினோம். பைஷாவுக்கும் ஷியாடோவுக்கும் ஒரே மெட்ரோ நிலையம்தான். கீழே க்ருசிஃபிஷு தெரு வாசலில் நுழைந்து நீளநீளமான நகரும் படிகளில் நின்றுகொண்டே போனால் மேலே ஷியாடோ சதுக்கத்தில் வெளியே வரலாம். அந்த மேட்டை மாமியார் ஒருமுறைகூட நடந்து ஏறவில்லை. ரயிலில் போகாவிட்டாலும் அந்த வழியை உபயோகிக்கலாம், டிக்கெட் தேவையில்லை. நகரும் படி பழுதானால் பக்கத்திலுள்ள அர்மசெய்ஸ் டோ ஷியாடோ வணிக வளாகத்துக்குள் புகுந்து லிஃப்ட்டில் ஏறிவிடலாம். 1988 தீ விபத்தில் எரிந்துபோய், அல்வாரோ சிசா என்ற கட்டடக்கலைஞர் திரும்ப வடிவமைத்த பகுதி அது. பழைய முகப்பு அப்படியே இருக்கும், உள்ளே புதுக் கட்டடம்.

ஆனால் ஒரு விஷயம். ஷியாடோ என்று போட்டிருக்கும் பாதி ஹோட்டல்கள் உண்மையில் பைரோ ஆல்டோவில் இருக்கும். விலாசத்தைத் தெரு பெயரோடு சரிபாருங்கள். பைரோ ஆல்டோவில் வெள்ளி, சனி இரவு இரண்டு மூன்று மணிவரை மக்கள் தெருவிலேயே கோப்பையோடு நின்று பேசுவார்கள். காய்ஸ் டோ சோட்ரேயில் தரைக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய தெரு ஒன்று இருக்கிறது, அதன் அக்கம்பக்கமும் அப்படித்தான். வயதானவர்களோடு அங்கே எடுக்கவே கூடாது.

தேஜோக்கரை

மலைக்கோட்டை சொன்னது சரி. கூடவே இது. செங்குத்தான தெருக்களில் தண்டவாளத்தில் கம்பி இழுத்து ஏற்றும் பெட்டிகள் இங்கே உண்டு, அவற்றைத்தான் இழுவை வண்டி என்கிறேன். "இழுவை வண்டிக்குப் பக்கத்தில், மேடு ஏற வேண்டாம்" என்று பழைய விமர்சனங்களில் படித்தால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி க்ளோரியா இழுவை வண்டி தடம்புரண்டு 16 பேர் இறந்தார்கள். நகரமே துக்கத்தில் இருந்தது. மற்ற இழுவை வண்டிகளையும் பரிசோதனைக்காக நிறுத்திவிட்டார்கள். கிளம்பும் முன் எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது ஓடாது என்றே வைத்துக்கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஜூன்விடுமுறை

இழையில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஜூன் இரண்டாம் வாரம் போகிறோம், நானும் கணவரும் மட்டும். அல்ஃபாமாவில் அறை விலை எல்லாம் தாறுமாறாக இருக்கிறதே?

தேஜோக்கரை

ஜூன் 12 இரவு புனித அந்தோணியார் திருவிழா. மறுநாள் 13 நகரத்துக்கே விடுமுறை. அவெனிடா டா லிபர்டேடில் ஒவ்வொரு பேட்டையும் உடை தைத்துப் பாட்டுக் கட்டி ஊர்வலம் வரும். அல்ஃபாமாவில் வாசலுக்கு வாசல் மத்தி மீன் சுடுவார்கள், புகையில் கண் எரியும், விடியும்வரை ஆட்டம். தூக்கம் பற்றிக் கவலை இல்லை என்றால் அந்த ஓர் இரவுக்காகவே அங்கே எடுங்கள், வாழ்நாளில் மறக்க மாட்டீர்கள். தூங்க வேண்டும் என்றால் 14ஆம் தேதிக்கு மேல் போங்கள். நவம்பரில் வெப் சம்மிட் என்ற பெரிய தொழில்நுட்ப மாநாடு நடக்கும் வாரமும் இதே மாதிரி விலை ஏறும்.

கணக்குப்பிள்ளை

கோவைப்பயணி சார், பணக் கணக்கை யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

ஒன்று, ரத்து செய்ய முடியாத ரேட்டை விசா கையில் வரும் முன் எடுக்கவே கூடாது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையத்தின் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிடச் சான்று கேட்பார்கள். அதில் மூன்று பேர் பெயரும் இருக்கட்டும். உங்கள் பெயர் மட்டும் இருந்து, "மற்றும் இரண்டு விருந்தினர்" என்று வந்தால் ஹோட்டலுக்கு எழுதிப் பெயர் போட்டு வாங்குங்கள், சும்மாவே அனுப்புவார்கள். 15% மிச்சம் பிடிக்கப் போய் விசா தள்ளினால் முழுத்தொகையும் போகும்.

இரண்டு, லிஸ்பன் நகர வரி. 2024 செப்டம்பரிலிருந்து ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, 13 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும், அதிகபட்சம் 7 இரவு. உங்கள் மூன்று பேருக்கு ஐந்து இரவுக்கு 60 யூரோ. முன்பதிவுத் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, ஹோட்டலில் தனியாக வாங்குவார்கள்.

மூன்று, அட்டையைத் தேய்க்கும்போது "ரூபாயிலா யூரோவிலா" என்று கருவி கேட்கும். யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவன் வைத்ததுதான் மாற்று விலை. காசு எடுக்க மல்டிபாங்கோ என்று எழுதிய வங்கி இயந்திரத்துக்குப் போங்கள். சுற்றுலாத் தெருக்களில் நிற்கும் தனியார் இயந்திரங்கள் கட்டணம் பிடுங்கும்.

காலைச் சாப்பாடு சேர்த்த ரேட், சேர்க்காத ரேட் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆளுக்கு 15, 20 யூரோ வித்தியாசம் வரும். ஹாம், முட்டை, சீஸ் என்று பரப்பி வைப்பதில் அம்மா ரொட்டியும் பழமும்தான் எடுப்பார்.

மலைக்கோட்டை

அம்மாவின் சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன். தெருவுக்குத் தெரு பேஸ்ட்ரி கடை இருக்கும். "டொராடா" என்று கேட்டால் விரலளவு தடிமனான ரொட்டியை வாட்டி, வெண்ணெயை இரு பக்கமும் நனைய நனையத் தடவி, மூன்று துண்டாக வெட்டித் தருவார்கள். "கரியோக்கா டி லிமாவ்" என்றால் எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்ட வெறும் வெந்நீர். என் மாமியார் தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் அதைத்தான் குடித்தார். கஸ்டர்ட் தின்பண்டம் முழுக்க முட்டை மஞ்சள்கரு, அது அம்மாவுக்கு ஆகாது.

காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கேளுங்கள். கால்டோ வெர்டே என்ற கீரை சூப்பில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். மேசையில் உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் கொண்டுவந்து வைப்பார்கள். அது இலவசம் இல்லை. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் காசு இல்லை, தொட்டால் பில்லில் வரும்.

ஒரு நாள் லூமியார் பக்கம் இருக்கும் ராதாகிருஷ்ணர் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப்போங்கள். மொசாம்பிக்கிலிருந்து வந்து குடியேறிய குஜராத்தி மக்கள் எழுப்பிய கோயில். அங்கேயே சைவச் சாப்பாட்டுக்கூடம் உண்டு. பருப்பும் சோறும் பார்த்ததும் மாமியார் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். மார்ட்டிம் மொனிஸ் சுற்றுவட்டாரத்தில் நம் மளிகைக் கடைகளும் நிறைய இருக்கின்றன.

லாசப்பல்தமிழ்

சரி, அம்மாவின் முழங்காலை யோசிச்சா நீங்கள் எல்லாரும் சொல்றது நியாயம். ஆனா பைஷா எனக்கு வெறும் கடைத்தெரு மாதிரித்தான் படும். லாப்பாப் பக்கம் பாருங்கோவன். ஜனேலாஸ் வெர்டெஸ் தெருவில், பழங்காலக் கலை அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், அருமையான ரெண்டு சின்ன ஹோட்டல். ஒண்டு பழைய மாளிகை, மேல்மாடி நூலகத்தில் இருந்து ஆறு தெரியும். மற்றது யார்க் ஹவுஸ், 17ஆம் நூற்றாண்டுக் கன்னியர் மடமோ துறவியர் மடமோ, மடமாய் இருந்த இடம். முற்றத்தில் மரநிழல், சத்தமே இல்லை.

செங்கல்சுண்ணாம்பு

யார்க் ஹவுஸ் முற்றம் மிக அழகு, கொடி படர்ந்த கற்படிகள் வழியாக ஏறித்தான் அந்த முற்றத்துக்கே போக வேண்டும். இவர்களுக்கு அது முதல் நாளே கஷ்டம். அந்தத் தெருவுக்கு மெட்ரோவும் பக்கத்தில் இல்லை.

நான் வேறொரு யோசனை சொல்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு வீட்டை மாற்றியதுதான் பூட்டிக் என்று ஏன் நினைக்க வேண்டும்? போர்ச்சுகல் சட்டத்தில் பூட்டிக் என்று ஒரு வகையே கிடையாது. வாசலில் நட்சத்திரப் பலகை இருந்தால் ஹோட்டல். ஏ.எல். என்ற பலகை இருந்தால் குறுகிய காலத் தங்குமிடம், அங்கே பல இடங்களில் இரவு வரவேற்பில் ஆளே இருக்க மாட்டார்கள். பூட்டிக் என்பது அவரவர் வைத்துக்கொள்ளும் பெயர்.

அவெனிடா டா லிபர்டேடுக்கு இணையாக ரோட்ரிகஸ் சம்பாயோ என்று ஒரு தெரு. அங்கே பிரிட்டானியா என்ற சின்ன ஹோட்டல் இருக்கிறது. 1940களில் கசியானோ பிராங்கோ என்ற கட்டடக்கலைஞர் ஹோட்டலாகவே வடிவமைத்துக் கட்டியது. ரெஸ்டவுராடோரெஸ் சதுக்கத்திலுள்ள ஈடன் அரங்கும் அவருடையதுதான். ஆரம்பத்திலிருந்தே ஹோட்டல் என்பதால் அறைகள் விசாலம், லிஃப்ட் நடுவில் சொருகியது அல்ல, தாழ்வாரம் நேராக இருக்கும். ஆர்ட் டெக்கோ பாணி. தெருவும் ஏறக்குறைய மட்டம். நான் அதை விற்க வரவில்லை, அந்தக் காலத்துக் கட்டடமாகப் பாருங்கள் என்பதற்கு உதாரணம். பழைமையும் வேண்டும், முழங்காலுக்கும் ஒத்துவர வேண்டும் என்றால் 1930, 40களின் கட்டடம்தான் லிஸ்பனில் சரியான வயது.

கோவைப்பயணி

செங்கல்சுண்ணாம்பு சார், இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. மனைவியும் படங்களைப் பார்த்துவிட்டு, மொட்டைமாடியை விட்டுவிடலாம் என்கிறாள்.

நாலு ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பப் போகிறேன். என்னென்ன கேட்க வேண்டும்?

தேஜோக்கரை

"லிஃப்ட் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் இருக்கிறது என்பார்கள். தெருவிலிருந்து லிஃப்ட் கதவுவரை எத்தனை படி, லிஃப்ட்டிலிருந்து எங்கள் அறைக் கதவுவரை எத்தனை படி, இந்த இரண்டையும் எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். டாக்ஸி வாசலில் நிற்குமா என்றும் கேளுங்கள்.

குளியலறை அடுத்தது. தொட்டிக்குள் நின்று குளிக்கும் அமைப்பு என்றால் இரண்டடி உயரம் கால் தூக்கி வைக்க வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம். தரை மட்டத்தில் ஷவர் உள்ள அறை கேளுங்கள். இங்கே பழைய பாணிக் குளியலறைகளில் பிடே, அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் சின்னத் தொட்டி, இருக்கும், நம்மவர்களுக்குப் பெரிய ஆறுதல். புதுப்பிக்கும்போது பல ஹோட்டல்கள் அதைப் பிடுங்கிவிட்டன, எனவே கேட்டுவிடுங்கள். அறையில் வெந்நீர்க் கெட்டில் உண்டா என்பதும்.

அம்மா தனி அறையா, உங்களோடா? தனி என்றால் அடுத்தடுத்த அறை, ஒரே மாடி என்று எழுத்தில் வாங்குங்கள். ஏசி சூடும் தருமா என்றும் ஒரு வரி. அக்டோபர் நடுவில் பெரும்பாலும் இதமாகத்தான் இருக்கும், ஆனால் இங்கே பழைய கட்டடங்களில் ஈரம் பிடித்தால் அறைக்குள் வெளியைவிடக் குளிரும்.

மலைக்கோட்டை

"இதே கட்டடத்திலா" என்றும் கேளுங்கள். எங்களுக்கு நடந்தது. ஹோட்டல் பெயர் வேண்டாம். நதி தெரியும் அறை என்று உறுதிப்படுத்தி மின்னஞ்சல் வந்திருந்தது. போய் இறங்கியதும் "உங்கள் அறை எங்கள் துணைக் கட்டடத்தில்" என்று அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போனார்கள். லிஃப்ட் இல்லை, மூன்றாவது மாடி. மாமியார் முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வரவேற்பில் அறை வேறு இல்லை என்றே சொன்னார்கள். நான் குரல் உயர்த்தவில்லை, "லிவ்ரு டி ரெக்லமசோயிஸ் கொடுங்கள்" என்றேன். புகார்ப் புத்தகம். போர்ச்சுகலில் ஹோட்டல், உணவகம், கடை எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும், கேட்டால் உடனே தர வேண்டும் என்பது சட்டம். நாம் எழுதுவது அரசுக் கண்காணிப்பு அமைப்புக்குப் போகும். இணையத்திலும் எழுதலாம். அரைமணி நேரத்தில் முதன்மைக் கட்டடத்தில் அறை கிடைத்தது.

அந்த மின்னஞ்சலை அச்சடித்துக் கையில் வைத்திருந்ததும் உதவியது.

கோவைப்பயணி

பதில்கள் வந்துவிட்டன. இழையில் எழுதிய எல்லாருக்கும் சொல்ல வேண்டும்.

அல்ஃபாமா ஹோட்டல்: லிஃப்ட் உண்டு. ஆனால் டாக்ஸி நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை 42 படி. நேர்மையாக எண்ணிச் சொன்னார்கள், அதற்கு நன்றி.

பைஷாவில் ஒன்று: லிஃப்ட் முதல் மாடியிலிருந்துதான் தொடங்குகிறது. கீழே 18 படி.

ஷியாடோவில் ஒன்று: வாசலில் ஒரு படி, எல்லாம் சரி, குளியல் மட்டும் தொட்டிக்குள்தான்.

அவெனிடா பக்கத்தில் ஒன்று: வாசலில் இரண்டு படி, கைப்பிடி உண்டு, தரைமட்ட ஷவர் உண்டு, அடுத்தடுத்த அறை தருகிறோம், கெட்டில் வைத்துவிடுகிறோம் என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறார்கள். இரவுக்கு 25 யூரோ கூட. மூன்று நாள் முன்புவரை ரத்து செய்யலாம். அதையே முன்பதிவு செய்துவிட்டோம். மூன்று பேர் பெயரும் போட்டுச் சான்று வந்தாயிற்று.

கடைசியாக இரண்டு கேள்வி. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் வரலாமா? திங்கட்கிழமை என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை

அந்த 25 யூரோ நல்ல செலவு சார்.

லாசப்பல்தமிழ்

நல்லது தம்பி. ஒரு பின்னேரமாவது அம்மாவை 737இல ஏத்திக்கொண்டு மேலே போங்கோ. வரேக்க இறங்கி நடக்க வேண்டாம், அதே பஸ்ஸில் திரும்புங்கோ.

தேஜோக்கரை

மெட்ரோ இருக்கிறது. சிவப்புத் தடத்தில் சாவ் செபாஸ்டியாவ்வரை வந்து நீலத்தடம் மாறினால் அவெனிடா நிலையம். திரும்பிப் போகும்போது வேண்டுமானால் அதில் போங்கள். வரும் அன்று வேண்டாம். ஐரோப்பாவின் புதிய கைரேகைப் பதிவு வந்ததிலிருந்து லிஸ்பன் குடிநுழைவு வரிசை பல நாள்களில் மிக நீளம். அம்மா நின்று களைத்திருப்பார். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள், நடக்க முடிந்தவர்களுக்கும் தருவார்கள். வெளியே வந்ததும் டாக்ஸியோ, போல்ட் செயலியில் வண்டியோ எடுங்கள். விமான நிலையம் நகரத்துக்கு உள்ளேயே இருப்பது மாதிரிதான், 7 கிலோமீட்டர்.

திங்கட்கிழமை ஜெரோனிமோஸ் மடம் மூடல், பல அருங்காட்சியகங்களும் மூடல். அன்று பக்கத்து அரண்மனை ஊரான சிந்த்ரா போகலாம் என்று எல்லாரும் அங்கே கிளம்புவார்கள், கூட்டம் நெரியும். நீங்கள் திங்கட்கிழமை காலை லூமியார் கோயிலுக்குப் போய்விட்டு, மாலை கொமெர்சியோ சதுக்கத்தில் ஆற்றங்கரைப் படியருகே உட்காருங்கள். சிந்த்ராவை புதனுக்கு வையுங்கள். ரோசியோ நிலையத்திலிருந்து ரயில், 40 நிமிடம். அங்கே இறங்கியதும் பேனா அரண்மனைக்கு 434 பஸ். அரண்மனை வாசலிலிருந்து மேலே ஏற்றம் கடுமை. உள்ளே அதற்கென்று சிற்றுந்து ஓடுகிறது, டிக்கெட் வாங்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஜெரோனிமோஸுக்குச் செவ்வாய் காலை ஒன்பதே காலுக்குள் வாசலில் நின்றுவிடுங்கள். 15ஆம் எண் டிராம், ஃபிகெய்ரா சதுக்கத்தில் ஏறலாம். புது வண்டி வந்தால் தரை தாழ்வாக இருக்கும், அம்மாவுக்கு ஏற வசதி.